பாகற்காய் ஹராம் இல்லை

சின்னவள் எல்.கே.ஜி. போன புதிதில் ஒரு நாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டில் பக்கத்துப் பிள்ளையின் டப்பாவைப் பார்த்து, "பாகற்காய் ஹராம், சாப்பிட்டா பாவம்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளை அழுது, டப்பா மூடியபடியே வீட்டுக்குப் போயிருக்கிறது. டீச்சர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால், "உங்கள்ல பாகற்காய் சேர்க்க மாட்டீங்களா?" என்று நிஜமாகவே கேட்டார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை எனக்கு.

அந்தச் சொல்லை அவளுக்கு யார் கொடுத்தது? நான்தான். ராத்திரி ஐஸ்கிரீம் கேட்டால் ஹராம். தூங்கும் நேரத்தில் போன் கேட்டால் ஹராம். சோபாவில் குதித்தால் ஹராம். 'வேண்டாம்' என்று சொல்லி, ஏன் வேண்டாம் என்று விளக்குவதற்குச் சோம்பல். அல்லாஹ்வை முன்னால் நிறுத்திவிட்டால் பேச்சு முடிந்துவிடும் அல்லவா? என் வீட்டுக்காரர் அன்று ராத்திரி ஒரே ஒரு வரிதான் சொன்னார்: "ஐஸ்கிரீம் ஹராம் இல்லம்மா, சளி பிடிக்கும். அதைச் சொல்லு."

இதில் எனக்கு இன்னொரு வெட்கமும் இருந்தது. இதே பாடத்தை மூத்தவனிடம் மூன்று வருஷத்துக்கு முன்பே படித்திருந்தேன்.

அவனுக்கு அப்போது நான்கு வயது. கண்ணாடிக் கிளாஸை உடைத்துவிட்டு, நடக்கக்கூடத் தெரியாத தங்கச்சிதான் உடைத்தாள் என்றான். கோபத்தில், "பொய் சொல்ற வாயை அல்லாஹ் நெருப்புல போடுவான்" என்றேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட அதே வார்த்தை, அதே குரல். அவன் ஒன்றும் பேசவில்லை. நானும் மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, தோசைக்கல்லை வைக்க அடுப்பைப் பற்றவைத்ததும், பக்கத்தில் நின்றவன் கூடத்துக்கு ஓடினான். என்னவென்று புரியவில்லை. அன்று ராத்திரி படுக்கையில் கேட்டான்: "அல்லாஹ்வுக்கு நம்ம வீட்டு அடுப்பு தெரியுமாம்மா?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அர்ரஹ்மான், அர்ரஹீம் என்று ஓதுகிறோம். அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்று அர்த்தமும் தெரியும். பிள்ளையிடம் முதன்முதலாக நான் கொண்டுபோய்ச் சேர்த்தது மட்டும் கேஸ் அடுப்பு.

சரி, அதன்பிறகு நெருப்புப் பேச்சை விட்டேன். விட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். அது 'ஹராம்' என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கிறது. பாகற்காய்தான் காட்டிக்கொடுத்தது.

நான் பிறந்தது கீழக்கரையில். வாக்கப்பட்டு வந்தது மதுரை கோரிப்பாளையத்துக்கு. அங்கே உம்மா, வாப்பா. இங்கே அம்மா, அத்தா. அங்கே ஷாஃபி மத்ஹபு (மார்க்கச் சட்ட வழி), இங்கே ஹனஃபி. சாயங்காலத் தொழுகையான அஸருக்கு எங்கள் ஊரில் பாங்கு சொல்லி ஒரு மணி நேரம் ஆகப்போகும்போதுதான் இங்கே பாங்கு கேட்கும். யானைக்கல் பக்கம் பழக்கடை இவருக்கு. எங்களுக்கு மூன்று பிள்ளைகள்: ஒன்பது வயது, ஆறு வயது, இரண்டு வயது. மார்க்கம் சொல்லித்தரும் அளவுக்கு நான் ஆலிமா இல்லை. பள்ளிக்கூடப் படிப்பும் பிறந்த வீட்டு ஓதலும்தான் என் கையிருப்பு. அதனால் இதெல்லாம் ஒரு வீட்டில் நடந்தது, அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குத் தொழுகையை எங்கே தொடங்குவது என்று கேட்டால், சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபில் என்பேன். விடியற்காலைத் தொழுகையான சுபுஹில் தொடங்கி, இரண்டு பேருக்கும் அழுகையாகப் போய், கைவிட்டவள் நான். மதுரையில் வருஷம் முழுக்க மஃரிப் கிட்டத்தட்ட ஆறுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில்தான் வரும். பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்திருப்பார்கள், விழித்திருப்பார்கள், வீட்டுப்பாடம் இன்னும் ஆரம்பித்திருக்காது. தொழுகையும் மூன்றே ரக்அத் (சுற்று). பாங்கு சொன்னதும் டிவியை நிறுத்துவேன். "தொழ வாங்க" என்று கூப்பிட மாட்டேன். தொழுகை விரிப்பான முஸல்லாவை விரித்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு துப்பட்டாவையும் மடித்துப் போடுவேன். அது குட்டி முஸல்லா. வருகிறவர்கள் வரலாம். முதல் ஒரு மாதம் மூத்தவன் அதில் கார் ஓட்டினான். விட்டுவிட்டேன். அப்புறம் நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதில் என் பக்கத்தில் ஒரு தலை வந்து முட்டியது.

முதுகில் ஏறுவார்கள், இல்லையா? முன்பெல்லாம் தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்த கையோடு ஒரு அடி விழும் என்னிடம். நபிகள் பெருமானார் தொழவைக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறியதும், அவன் தானாக இறங்கும்வரை சுஜூதை நீட்டியதும், நீண்டது ஏன் என்று தோழர்கள் கேட்டபோது, அவனை அவசரப்படுத்த மனமில்லை என்று சொன்னதும் ஹதீஸில் (நபிமொழிச் செய்தியில்) இருக்கிறது. சின்ன வயதில் நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் முதுகில் பன்னிரண்டு கிலோ ஏறும்போதுதான் அந்த ஹதீஸின் கனம் தெரிகிறது.

தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளூ செய்யச் சொன்னால் குழாயடியில் ஆற்றுத் திருவிழா நடத்துவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. இவரின் அம்மா, மாமிதான் வழி சொன்னார். குழாயைத் தொடக் கூடாது. ஆளுக்கு ஒரு சொம்பு. பெருமானார் ஒரு 'முத்' தண்ணீரில் ஒளூ செய்தார்கள் என்று வருகிறது. இரண்டு கையையும் சேர்த்து அள்ளினால் வரும் அளவு, முக்கால் லிட்டருக்கும் குறைவு. எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பும் ஏறக்குறைய அந்த அளவுதான். மணைப்பலகையில் உட்கார்ந்து, கை மூன்று, வாய் மூன்று என்று எண்ணி, காலுக்கு வரும்போது சொம்பில் மிச்சம் இருக்க வேண்டும். மிச்சம் வைப்பதே ஒரு போட்டியாகிவிட்டது. நோன்புப் பெருநாளுக்கு முன்னால் ஏழைகளுக்குத் தரும் ஃபித்ரா அரிசி அளக்கும்போது மூத்தவனே கண்டுபிடித்தான்: நாலு 'முத்' சேர்ந்தால் ஒரு 'ஸாஉ'. "ஒளூ சொம்பு நாலு, ஒரு ஆளுக்கு ஃபித்ரா" என்று அத்தாவிடம் போய்ச் சொன்னான். நான் சொல்லிக்கொடுக்காத கணக்கு அது.

ஓதவைப்பதில் ஒரு சறுக்கல். மூத்தவனை ஆறு வயதில் சாயங்கால ஓதலுக்கு ஒரு இடத்தில் சேர்த்தோம். இரண்டாவது வாரமே நாலரை மணி ஆனால் வயிற்றுவலி. டாக்டரிடம்கூடக் கூட்டிப்போனோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வலி வராதது எனக்கு உறைக்கவே பத்து நாள் ஆனது. ஞாயிறு ஓதலுக்கு லீவு. அங்கே பிரம்பு இருந்திருக்கிறது. "நாங்கள்லாம் அடி வாங்கித்தானே ஓதினோம்" என்றார் குடும்பத்தில் ஒருவர். உண்மைதான். அப்படி ஓதியவர்களில் எத்தனை பேர் இப்போது தினம் குர்ஆனைத் திறக்கிறோம் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. நானும் அந்தக் கணக்கில் வருவேன் என்பதால்.

இரண்டு தெரு தள்ளி ஒரு ஆலிமா, வீட்டு முன்னறையில் ஆறு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறார். அங்கே மாற்றினோம். வயிற்றுவலி அந்த வாரமே போனது. "அலிஃப் ஜபர் அ, ஜேர் இ, பேஷ் உ" என்று தெருவுக்கே கேட்கும். நம் பிள்ளைகளுக்கு அரபியின் ஐனும் கைனும் சுலபத்தில் வராது. தொண்டையிலிருந்து எடுக்கச் சொன்னால் இருமுவார்கள். அந்த அம்மா திருத்துவார், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த மாட்டார். ஒரு நாளைக்கு ஒரு எழுத்துதான். வீட்டில் என் பங்கு ஒன்றே ஒன்று: குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவுக்குத் தமிழில் அர்த்தம், வாரத்துக்கு ஒரு வசனம். ஏழு வசனம், ஏழு வாரம். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. எனக்கு அந்த அர்த்தம் தெரிந்தபோது வயது இருபத்திரண்டு.

மத்ஹபு வேறாக இருப்பது பிள்ளைகளுக்குப் பெரிய வேடிக்கை. நான் தொழுகையில் குனியும் ருகூவுக்குப் போகும்போதும் எழும்போதும் கை உயர்த்துவேன். மாமி உயர்த்த மாட்டார். "யாரும்மா சரி?" என்று ஒரு நாள் மூத்தவன் கேட்டான். "ரெண்டு பேரும் பெரிய இமாம்கள் சொன்னபடிதான் செய்றோம். உங்கத்தா மாதிரி நீ தொழு" என்றேன். சித்தப்பா தர்காவுக்குப் போக மாட்டார், மாமி வியாழக்கிழமை போகாமல் இருக்க மாட்டார். இந்த விவாதம் பிள்ளைகள் முன்னால் சோற்றுத்தட்டில் நடக்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மாமி சரியென்றார். கொழுந்தனாரும் ஒருவாறு சரியென்றார்.

இனி 2022. அந்த வருஷம் ஏப்ரல் 16, நோன்பு பதினான்கு. அன்றைக்குத்தான் அழகர் ஆற்றில் இறங்கினார். கொரோனாவால் இரண்டு வருஷம் சனம் இல்லாமல் போன திருவிழா அது. கோரிப்பாளையத்தில் வீடு இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. முந்தின ராத்திரியே தெரு தெருவாக இருக்காது. நாங்கள் நோன்புக்கு முன் சாப்பிடும் சஹர் செய்ய எழுந்தபோது வெளியே வேட்டுச் சத்தம்.

எங்கள் சந்துமுனையில் நாலைந்து வீடுகள் சேர்ந்து வருஷா வருஷம் நீர்மோர் ஊற்றுவது வழக்கம். அந்த வருஷம் நோன்பாயிற்றே, வேண்டாமா என்று பேச்சு வந்தது. "தாகம் அவங்களுக்குத்தானே" என்று மாமி முடித்துவிட்டார். பெரிய டிரம்மில் மோர், இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். ருசி பார்க்கத்தான் ஆள் இல்லை. எல்லோரும் நோன்பு. கடைசியில் மூத்தவனுக்கு அந்த வேலை கிடைத்தது. ஐந்து வயதுக்காரன் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, "உப்பு பத்தல" என்று தீர்ப்புச் சொன்னான்.

பத்து மணி வெயில். மொட்டை போட்டவர்கள், தண்ணீர் பீய்ச்சும் தோல்பை சுமந்தவர்கள், பிள்ளையைத் தோளில் வைத்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இவர் மோந்து மோந்து ஊற்றுகிறார், உதடு வெளுத்துப்போயிருக்கிறது. மூத்தவன் கொஞ்ச நேரம் அத்தா முகத்தையே பார்த்தான். பிறகு காதருகே போய், "அத்தா, ஒரு கிளாஸ் குடிச்சுக்க. நான் மறைச்சுக்கிறேன்" என்றான். இவர் சிரித்தார். "நீ மறைச்சுக்குவத்தா. எனக்கே வேணாம்னு இருக்கு" என்றார். அது கேட்டு, கிளாஸை வாங்கிய ஒரு பாட்டி கையை நிறுத்தினார். "நோன்பா? உங்க வாயக் காயப்போட்டுட்டா எங்களுக்கு ஊத்துறீக?" என்றவர், இவனைப் பார்த்து, "ஒங்கப்பன் நல்லாருக்கணும்டா" என்று கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கினார்.

அவர்கள் நம்புவது வேறு, நாம் நம்புவது வேறு என்று அவனுக்கு அப்போதே தெரியும். நாங்கள் அதை ஒளித்ததில்லை. "நாம ஏன் ஆத்துக்குப் போய் கும்பிடல?" என்று முந்தின நாள்தான் கேட்டிருந்தான். "நாம அல்லாஹ்வை மட்டும்தான் வணங்குவோம். அவங்க அவங்க முறையில கும்பிடுறாங்க. தாகம் எல்லாருக்கும் ஒண்ணு" என்று ஏதோ சொன்னேன். அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை என்று முகம் சொன்னது. மறுநாள் அந்த டிரம்முக்குப் பக்கத்தில் நின்றபிறகு அவன் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

நோன்பு திறந்துவிட்டு மாடிக்குப் போனோம். கிழக்கே முழுநிலா. "அழகர் நிலாவும் நோன்பு நிலாவும் ஒரே நிலாவா?" என்றான். ஒரே நிலாதான்டா. வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் நோன்பு முன்னால் நகர்ந்துகொண்டே போவதையும், அடுத்த வருஷம் இரண்டும் இப்படிச் சேர்ந்து வராது என்பதையும் இவர் நிலாவைக் காட்டியே சொன்னார். அவன் பாதியில் தூங்கிவிட்டான்.

அடுத்த வருஷம் மார்ச் 24-இல் நோன்பு தொடங்கியபோது, தானும் பிடிப்பேன் என்று நின்றான். ஆறு வயது. கடமை இல்லை, அரை நோன்பு போதும் என்றோம். சஹருக்கு எழுந்து சாப்பிட்டு, மதிய லுஹர் பாங்கில் திறப்பது. பெருமானார் காலத்தில் முஹர்ரம் பத்தாம் நாள் ஆஷூரா நோன்புக்குப் பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்து, பசியில் அழுதால் கம்பளியில் செய்த பொம்மையைக் கையில் கொடுத்துத் திறக்கும் நேரம்வரை போக்குக் காட்டியிருக்கிறார்கள் அந்தத் தாய்மார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கும் செய்தி இது. எனக்கு இதில் பிடித்தது அந்தப் பொம்மைதான். யாரோ ஒரு அம்மா முந்தின நாளே உட்கார்ந்து கம்பளியைச் சுருட்டியிருப்பாள். நானும் ஒரு அட்டைப்பெட்டி தயார் செய்தேன்: களிமண், பழைய கால்குலேட்டர், இவர் கடையின் பழ ஸ்டிக்கர்கள். பதினோரு மணிக்குத்தான் பெட்டி வெளியே வரும்.

முதல் நாள் பதினோரு மணிக்குப் பெட்டியோடு தேடினால் ஆளைக் காணோம். மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தான். வாயில் ஒன்றும் இல்லை, ஆனால் வாழைப்பழ வாசம். நான் ஒன்றும் கேட்கவில்லை. பழைய நானாக இருந்தால் அந்த இடத்திலேயே நெருப்பு வந்திருக்கும். கீழே கூட்டிவந்து, அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, அவன் உள்ளங்கையில் ஒரு கடுகை வைத்தேன். லுக்மான் தன் மகனுக்குச் சொன்னதாகக் குர்ஆனில் வருகிறதே, கடுகளவு காரியமானாலும், அது பாறைக்குள் இருந்தாலும் வானத்தில் இருந்தாலும் பூமிக்குள் இருந்தாலும் அல்லாஹ் அதைக் கொண்டுவருவான் என்று. எங்கள் வீட்டில் அந்த வசனத்தை எப்போதும் 'மாட்டிக்கொள்வாய்' என்ற அர்த்தத்தில்தான் சொல்வார்கள். நான் மறுபக்கமாகச் சொன்னேன். "காலையில நாலரைக்கு எந்திரிச்ச. இவ்வளவு நேரம் தாங்கின. அது கடுகு மாதிரி சின்னதுதான். அதையும் அல்லாஹ் எடுத்து வெச்சிருக்கான், தொலைக்க மாட்டான்."

அவன் கடுகையே உருட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து மாடிக்குப் போய்வந்து, வாழைப்பழத் தோலைக் குப்பைக்கூடையில் போட்டான். மோட்டார் பெட்டிக்குள் ஒளித்துவைத்திருந்தானாம். "பதினோரு மணி வரைக்கும் இல்லம்மா, பத்து மணி வரைக்கும்தான்" என்றான். கணக்கைத் திருத்திக்கொண்டேன்.

ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள் என்ற ஹதீஸைச் சொன்னால், பலருக்கும் 'பத்து வயதில் அடி' என்ற பின்பாதிதான் ஞாபகம் வருகிறது. ஏழுக்கும் பத்துக்கும் நடுவே மூன்று வருஷம், தினம் ஐந்து வேளை. ஐயாயிரம் தடவைக்கு மேல் வாயால் கூப்பிட வேண்டியிருக்கிறது. மூத்தவனுக்கு இப்போது ஒன்பது. அந்த ஐயாயிரத்தில் பாதியைக்கூட நான் ஒழுங்காகக் கூப்பிட்டிருக்க மாட்டேன். பாதி நாள் நானே தவறிய தொழுகையைக் களாச் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் நாலு வேளை தொழுவான், சுபுஹு இன்னும் போராட்டம்தான். அத்தா கடைக்குக் கிளம்பும்போது கூடவே எழுந்து பள்ளிவாசலுக்குப் போனால் அன்று அதிசயம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பெரியவர்கள் பிள்ளைகளைக் கடைசி வரிசைக்கு விரட்டுவார்கள் என்பதால், இவர் அவனோடு படிக்கட்டு ஓரமாகவே நின்றுவிடுகிறார்.

சின்னவள் வேறு மாதிரி. போன மாதம் மஃரிப் தொழுதுவிட்டு துஆவுக்குக் கையேந்தியபடி கேட்டாள்: "அல்லாஹ்வுக்குத் தமிழ் தெரியுமா?" எல்லா பாஷையும் தெரியும், உனக்கு வேண்டியதைக் கேள் என்றேன். பக்கத்தில் நான் இருப்பதையே மறந்துவிட்டு, சத்தமாக, "யா அல்லாஹ், நாளைக்கு எங்க மேத்ஸ் டீச்சர் லீவு போடணும்" என்றாள்.

டீச்சர் வந்துவிட்டார். டெஸ்டும் வைத்துவிட்டார். மறுநாள் மஃரிபில் மறுபடி கையேந்தினாள். நேற்றுக் கேட்டதில் ஏதோ தப்பு என்று அவளே யோசித்திருக்க வேண்டும். "காய்ச்சல் எல்லாம் வேணாம் அல்லாஹ். சும்மா ஒரு கல்யாணத்துக்குப் போகட்டும். பிரியாணி போட்ற கல்யாணமா."